உடைந்து தொலையாத கிண்ணம்

பிரிவு உபசாரத்தன்று எனக்கு ஒரு பரிசு கொடுத்தீர்கள். பளபளக்கும் தாள் சுற்றி, அதன்மேல் ரிப்பன் கட்டி, ரிப்பனில் ஒரு பிளாஸ்டிக் பூவையும் ஒட்டியிருந்தீர்கள். மேடையிலேயே பிரிக்கச் சொல்லிக் கை தட்டினீர்கள். நான்தான் கூச்சப்பட்டு, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அங்கேயே பிரித்திருந்தால் உங்கள் அத்தனை பேருக்கும் மைக்கிலேயே அர்ச்சனை நடந்திருக்கும். பிரியாணி சாப்பிட வந்தவர்கள் பிழைத்தார்கள்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் பெட்டி குதித்தது, நானும் குதித்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், அடப்பாவிகளா, அந்தப் பொன்னிறக் கண்ணாடிக் கிண்ணம்! பட்டறையில் வலைக்கதவு போட்ட இரும்பு அலமாரியில் நான் இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்த அதே கிண்ணம். தவழ்கிற என் பேத்தி அதைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு வருகிறாள். நான் போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழ, மருமகள் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு ஓடிவந்தாள். இப்போது அது பின்னறையில் கோழி கவிழ்க்கிற கூடைக்கடியில், மேலே கோணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கோழிகள் தெருவில் திரிகின்றன.

“அக்கா, புதுசா வர்றவங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க” என்று திவ்யா போன மாதமே கேட்டிருந்தாள். எதை எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஊதுவதும் உருட்டுவதும் கை பழகினால் வரும், எழுதிக் கொடுத்து வராது. ஆனால் இந்தக் கிண்ணத்தைப் பற்றி நான் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. சொல்லியிருந்தால் நீங்கள் இதற்கு ரிப்பன் கட்டியிருக்க மாட்டீர்கள்.

உங்களில் பலர் சாரைப் பார்த்ததில்லை. சுவரில் மாலை போட்ட படம்தான் தெரியும். அமெரிக்காவிலிருந்து மலையைப் பார்க்க வந்தவர். எல்லாரையும் போல ரமணாசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்தார், எல்லாரையும் போலக் காலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் எல்லாரையும் போல ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வேர்க்கடலைக் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து உலை கட்டினார். தமிழை ஆட்டோ ஸ்டாண்டில் கற்றுக்கொண்டவர். எனக்கு வேலை கொடுத்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, “கோவம் ஜாஸ்தியா, கம்மியா?” என்பதுதான். ஜாஸ்தி என்றேன். “சரி, வேணும்” என்றார். நான் வேதியியல் படித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கிறவரை என்று உள்ளே வந்தவள். ரிட்டயர் ஆகிறவரை வேறு வேலை கிடைக்கவில்லை.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உலை முன்னால் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் அவருக்குக் கதை வரும். அவர் ஊரில் நூறு வருஷத்துக்கும் முன்னால், கண்ணாடிமேல் வண்ணம் பூசுவது போதாதென்று, கண்ணாடிக்குள்ளேயே வண்ணத்தைக் கலந்து உருக்கத் தொடங்கினார்களாம். மண்ணுக்குள் புதைந்து கிடந்த பழங்காலத்து ரோமாபுரிக் கண்ணாடியில் தானாகவே ஒரு மினுக்கம் ஏறியிருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு, அதைப் போலச் செய்யவும் தலைகீழாக நின்றிருக்கிறார்கள். கடைசியில், தகதகவென்று சூடாக இருக்கிற கண்ணாடிமேல் உலோக உப்புக் கரைசலைப் புகையாக அடித்தால் அந்த மினுக்கம் படிந்தது. இந்தப் பக்கம் பார்த்தால் பொன், அந்தப் பக்கம் பார்த்தால் மயில் நீலம். சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்திருந்தால், அதன் முதுகை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது பணக்கார வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் விளக்குக்கும் மட்டும்தான் போயிற்று. பிறகு யாரோ அதையே அச்சில் அழுத்தி மலிவாகச் செய்து தள்ளினார்கள். ஊர்த் திருவிழாவில் வளையம் எறிந்து ஜெயித்தால் ஒரு கிண்ணம் பரிசு என்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஏழை வீட்டிலும் பொன்வண்டு மின்னியது. ஏழை வீட்டுக்கு வந்ததும் பணக்காரருக்கு அலுத்துவிட்டது, தூக்கிப் பரணில் போட்டார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் போலிருக்கிறது. அதற்கப்புறம் கண்ணாடி என்றாலே பெரிய ஃபேக்டரி, ஒரு கும்பலே சேர்ந்து ஒரு ஜாடி செய்வது என்றாகிவிட்ட காலத்தில், சில சிற்பக்காரர்களும் மண்பாண்டக்காரர்களும் ஒரு ஆள் தன் வீட்டுக் கொல்லையிலேயே சின்ன உலை வைத்து ஊதினால் என்ன என்று கிளம்பினார்களாம். ஆரம்பத்தில் கண்ணாடி ஒழுங்காக உருகக்கூட இல்லையாம். சார் படித்தது அவர்களிடம் படித்தவர்களிடம். அந்தக் கொல்லை உலையின் பேரப்பிள்ளைதான் நம் கொல்லை உலை.

எனக்கு முதலில் இதில் ஒரு ருசியும் தெரியவில்லை. கண்ணாடிக்கு எதற்கு இந்த மினுக்கு என்றுதான் நினைத்தேன். ஒருநாள் சாயங்காலம் ஜன்னலோரம் இருந்த ஒரு சின்னக் குவளை, வெயில் இறங்க இறங்க நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பிலிருந்து ஊதாவுக்குப் போனது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டேன். அதோடு சரி, மாட்டிக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். சாருக்குப் பழைய சிநேகிதி மார்த்தா அம்மா. அவரும் அமெரிக்காதான், அப்போதே அறுபத்தைந்தைத் தாண்டியவர், ஆசிரமத்துக்குப் பின்தெருவில் குடியிருந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார், வெள்ளைத் துப்பட்டா போட்டுக்கொண்டு செங்கம் ரோட்டில் கொய்யாப்பழம் பேரம் பேசுவாரே, அவரேதான். அவருடைய அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது திருவிழாவில் ஜெயித்த பொன்னிறக் கிண்ணம் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்திருக்கிறது. வசதியில்லாத வீடு. அந்த வீட்டில் அழகுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மார்த்தா அம்மா குழந்தையாக இருந்தபோது விளையாடிக்கொண்டே அதைத் தட்டி உடைத்துவிட்டார்.

அந்தத் தாய் அப்போது தொண்ணூறைத் தொட்டு, நினைவு தப்பி, அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெற்ற மகளின் பெயர் நினைவில் இல்லை. ஆனால் கிண்ணம் நினைவிலிருக்கிறது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் “என் கிண்ணம் எங்கே?” என்று கேட்கிறாராம். மார்த்தா அம்மா நம் பட்டறைக்கு வந்து சாரிடம் சொன்னது ஒன்றே ஒன்று: “அதே மாதிரி ஒண்ணு செஞ்சி குடு. அவங்க கையில வெக்கணும். அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்.”

நம்மிடம் அச்சு கிடையாது, ஊதித்தான் செய்ய வேண்டும். மார்த்தா அம்மாவுக்கு அந்தக் கனம் வேண்டும், அடிப்பாகம் தடிமனாக இருக்கவேண்டும், விளிம்பு ரவிக்கைக் கை சுருக்கம் மாதிரி மடிந்திருக்கவேண்டும். சாருக்கு அப்போதே தோள்பட்டை போய்விட்டது. கனமான குழாயைத் தூக்கிச் சுழற்றினால் பல்லைக் கடித்துக்கொள்வார். முதல் கிண்ணம் கோணிக்கொண்டது. அடுத்தது நிறம் கருத்துவிட்டது. அதற்கடுத்தது வந்தது பாருங்கள், வெளியே எடுத்துப் புகை அடித்ததும் நாங்கள் எல்லாரும் கைவேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றோம். சார் குழாயைக் கீழே வைத்துவிட்டு, “இதான். இன்னொண்ணு என்னால ஆவாது” என்றார்.

அது ஆயுத பூஜைக்கு முதல் நாள்.

ஊதி முடித்த கண்ணாடியை அப்படியே வெளியில் வைத்தால் என்ன ஆகும் என்று இன்று சேர்ந்தவருக்கும் தெரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். மேல்தோல் சீக்கிரம் ஆறி இறுகிவிடும், உள்ளே சூடு இருக்கும். உள்பக்கம் பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது மேல்தோல் விடாது. அந்த இழுபறி அப்படியே உள்ளே தங்கிவிடும். அதற்குத்தான் அனீலர் என்கிற அந்த மின்சாரப் பெட்டி. உள்ளே வைத்து, அவசரப்படாமல், மெல்ல மெல்ல ஆறவிடுகிறோம். ஒழுங்காக ஆறாத கண்ணாடி பார்வைக்குப் பிரமாதமாகத்தான் இருக்கும். கல்யாணப் பந்தியில் மனசுக்குள் கோபத்தை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சம்பந்தி மாதிரி. எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெந்நீர் பட்டால் வெடிக்கலாம், கைச்சூடு பட்டால் வெடிக்கலாம், யாரும் தொடாமலே ஒரு மத்தியான வேளையில் வெடிக்கலாம், வெடிக்காமலே இருந்தும் தொலைக்கலாம்.

நம் பட்டறையில் சார் வைத்த முறை உங்களுக்குத் தெரியும். உலைப்பக்கம் ஊதுகிறவருடையது, அனீலர்பக்கம் ஆற்றுகிறவருடையது. ஆற்றுகிறவர் தலையாட்டாமல் ஒரு சாமானும் கேட்டைத் தாண்டாது. அனீலர் அப்போதும் என் பொறுப்புதான். அந்தத் தடிமனுக்கு ராத்திரி முழுக்கவும் மறுநாள் சாயங்காலம் வரையும் ஆறவேண்டும். சாயங்காலம்தான் மார்த்தா அம்மாவை மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு அழைத்துப்போகக் கார் வருகிறது. எல்லாம் கணக்காகப் பொருந்தியிருந்தது. அனீலர் கதவில் சாக்பீசால் பெரிதாகத் ‘தொடாதே’ என்று எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வீட்டில் பூஜையை முடித்துக்கொண்டு கிளம்பினால், பஸ்ஸுக்கே பூஜை நடந்துகொண்டிருக்கிறது. வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவர் சாவகாசமாகக் கற்பூரம் காட்டுகிறார். “சீக்கிரம் எடுங்கண்ணே” என்றால், “வருஷத்துல ஒருநாள் அதுக்கும் மரியாத வேணாமாம்மா?” என்கிறார். நான் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் நெருங்கிவிட்டது. கேட்டில் பூசணிக்காய் உடைத்துக் குங்குமம் தடவிப் போட்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. எப்போதும் கேட்கிற ஒரு முனகல் கேட்கவில்லை.

ஏழுமலை தட்டை நீட்டினான். இன்று உங்களுக்கெல்லாம் மேஸ்திரியாக இருக்கிற அதே ஏழுமலைதான். அப்போது உலைக்கு உதவியாக இருந்தான்.

“வந்துட்டீங்களாக்கா? பொரி எடுத்துக்குங்க.”

“அனீலர் ஏன்டா சத்தமில்லாம இருக்குது?”

“பூஜைக்கா. இன்னிக்கு மெஷினு ஓடக்கூடாதில்ல?”

போய்ப் பார்த்தேன். ‘தொடாதே’ என்று எழுதியிருந்த இடத்தில், அந்த எழுத்தின்மேலேயே, மூன்று பட்டை சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்திருந்தான். கதவைத் திறந்தேன். உள்ளே சுத்தமாகத் துடைத்திருந்தது. நடுவில் அந்தக் கிண்ணம். அதன் வயிற்றிலும் ஒரு சந்தனப் பொட்டு.

“எப்படா நிறுத்தின?”

“காலையிலயேக்கா. கொஞ்ச நேரம் கதவத் தொறந்து போட்டேன், அனல் கம்மியாச்சு, அப்புறமா தொடச்சிப் பொட்டு வெச்சேன். கிண்ணத்த நல்லா பத்திரமா தான் எடுத்து வெச்சேன்.”

“ஏன்டா, அப்ப உலைய ஏன் நிறுத்தல?”

என்னை ஏற இறங்கப் பார்த்தான், இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி. “உலை சாமிக்கா. அதப் போயி அணைப்பாங்களா? இது மெஷினு. ராப்பகலா ஓடுது, இன்னிக்கு ஒருநாளு கூட ஓய்வு குடுக்கலன்னா பாவமில்ல?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு பூசணிக்காய் இருந்திருந்தால் அவன் தலையில் உடைத்திருப்பேன். என்னென்னவோ கத்தினேன். அவன் அழுதே விட்டான். கெட்ட எண்ணத்தில் செய்தவனைத் திட்டினால் மனசு ஆறும். பக்தியில் செய்தவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்களும் ஒருநாள் இப்படி ஒருத்தன்முன் நிற்பீர்கள். கத்துகிற நேரத்தில் வேலை அப்படியே நிற்கும். நான் அன்றைக்கு அரைமணி நேரமாவது கத்தியே வீணடித்தேன்.

அப்புறம்தான் புத்தி வந்து, ஒளியை வடிகட்டுகிற அந்த இரண்டு கறுப்புத் தகடுகளை எடுத்தேன். விளக்குக்கு முன்னால் ஒன்று, கண்ணுக்கு முன்னால் ஒன்று, நடுவில் கண்ணாடி. நன்றாக ஆறிய கண்ணாடி என்றால் ஒன்றும் தெரியாது, வெறும் இருட்டுதான். இழுபறி தங்கியிருந்தால் உள்ளே வானவில் தெரியும். நீங்களும் தினம் பார்க்கிறீர்கள், ஆனால் நான் அன்றைக்குப் பார்த்ததைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கிண்ணத்தின் அடிப்பாகம் முழுக்கப் பச்சையும் ஊதாவும் மஞ்சளுமாக வளையம் வளையமாக எரிந்தது.

திரும்பச் சூடேற்றி ஆற்றலாம்தான். ஆனால் இந்தத் தடிமனை அவசரமாகச் சூடேற்றினால் அங்கேயே சிதறும். மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்க இரண்டு நாளாவது வேண்டும். கார் சாயங்காலம் வருகிறது. பயணத்தைத் தள்ளிப்போட முடியாது, உடனே வரச்சொல்லி டாக்டர் போன் செய்துவிட்டார். சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வந்து தகட்டு வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“உடைஞ்சாலும் உடையும், உடையாட்டி உடையாது” என்றார்.

“அது எனக்கே தெரியும் சார். குடுக்கலாமா கூடாதா?”

“ஆத்தறது உன்னோடது. நீ சொல்லு.”

சொல்லிவிட்டு உலைப்பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பொரி தின்ன ஆரம்பித்தார். இத்தனைக்கும் அந்த முறையை வைத்தவர் அவர்தான்! சிநேகிதியின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவருக்குத் தைரியமில்லை, கொடுத்துவிடு என்று என்னிடம் சொல்ல மனசாட்சி விடவில்லை. நைசாக நழுவி என் தலையில் கட்டிவிட்டார். அந்த மனுஷன்மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு, ஆனால் அந்தப் பொரிச் சத்தத்தை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

மார்த்தா அம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பெட்டியெல்லாம் காரில் இருக்கிறது. கிண்ணத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தனப் பொட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். தகட்டு வழியாகவும் காட்டினேன். பார்த்துவிட்டு, “எவ்ளோ அழகா இருக்குது!” என்றார்.

“அழகு இல்லம்மா, அது நோவு” என்றேன். “இத இன்னிக்கு குடுக்க முடியாதுங்க. ரெண்டு நாள்ல சரிபண்ணி அனுப்பி வெக்கறேன்.”

“ரெண்டு நாள்ல அம்மா இருப்பாங்களான்னு தெரியாது மல்லிகா.”

“வேற ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. அதோ, அந்த நீலக் கிண்ணம், நல்லா ஆறுனது.”

“அவங்க கேக்கறது நீலம் இல்ல.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் சொல்றேன் கேளு. ஒடஞ்சா ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரிஸ்க் என்னோடது.”

அந்த நிமிஷம் சாரைத் தவிர எல்லாருமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நிற்கிறான், கொடுத்துவிடுங்கள் என்று. சார் திரும்பவே இல்லை. எனக்கும் கொடுத்துவிடத்தான் மனசு. ஆனால் என் கண்ணுக்கு முன்னால் வேறொன்று தெரிந்தது. நினைவு தப்பிய ஒரு தொண்ணூறு வயதுக்காரி, பழந்தோல் போர்த்திய இரண்டு கை, கிடைத்துவிட்டது என்று அந்தக் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். உடம்புச் சூடு ஏறுகிறது.

“ரிஸ்க் உங்களுது இல்லம்மா” என்றேன். “கை உங்க அம்மாவுது.”

கிண்ணத்தை எடுத்து வலை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மார்த்தா அம்மா எழுந்து, புடவைபோல அந்தத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு காருக்குப் போனார்.

அவர் அமெரிக்காவில் போய் இறங்கியபோது தாய்க்கு உயிர் இருந்தது. சார் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும், மகளைப் பார்த்து அந்தத் தாய் கேட்டது, “என் கிண்ணம் எங்கே?” என்றுதான். இவர் வெறுங்கையோடு நின்றிருக்கிறார். நான் கிண்ணத்தைத் திரும்ப அனீலரில் வைப்பதற்குள், அவர் போய் இறங்கிய மறுநாளே அந்தத் தாய் இறந்துவிட்ட செய்தி சாருக்கு வந்துவிட்டது. “இனிமே யாருக்கு? அப்படியே வெய்யி. வர்ற பசங்க தகட்டுல பாத்துக் கத்துக்கட்டும்” என்றார் சார். யார் கண்ணில் தெறிக்குமோ என்று நான்தான் அதை வெளியே எடுக்கவே இல்லை, அப்படித்தான் அது வலை அலமாரியிலேயே தங்கியது.

மார்த்தா அம்மா சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார். எதிரில் பார்த்தேன், கும்பிட்டேன். என் பின்னால் இருந்த கொய்யாப்பழ வண்டியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து இன்றுவரை என்னோடு பேச்சில்லை. சார் இறந்த அன்றும், நான் ஒரு பக்கம் அழுதேன், அவர் ஒரு பக்கம் அழுதார்.

இதில் எரிச்சலான விஷயம் இன்னும் வரவில்லை. அந்தக் கிண்ணம் உடையவே இல்லை! ஒவ்வொரு நாள் காலையிலும் பட்டறையைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். சித்திரை வெயிலில் உடையவில்லை. மார்கழிக் குளிரில் உடையவில்லை. கார்த்திகை தீபத்தன்று ஊரே அதிர வேட்டு வெடித்தார்கள், அது பொன்வண்டு மாதிரி மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. “உடைஞ்சி தொலையேன் சனியனே” என்று எத்தனை தடவை அதனிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? உடைந்தால் நான் சொன்னது சரி என்று ஊருக்குக் காட்டலாமே. அந்த அம்மா எடுத்துப்போயிருந்தாலும் உடைந்திருக்காதோ என்னவோ. தாய் கையில் கொடுத்திருக்கலாமோ என்னவோ. இந்த ‘என்னவோ’ இருக்கிறதே, அது என் தூக்கத்தை எவ்வளவு தின்றது என்று எனக்குத்தான் தெரியும்.

அனீலர் பொறுப்பை இப்போது திவ்யா எடுத்துக்கொள்கிறாள். அம்மா திவ்யா, கேட்டுக்கொள். கொடுத்து, அது உடைந்தால், நீ செய்தது தப்பு என்று நாலு பேர் வந்து சொல்வார்கள். கொடுக்காமல் வைத்துக்கொண்டால், நீ செய்தது சரி என்று சொல்ல ஒருத்தரும் வரமாட்டார்கள். கண்ணாடியும் சொல்லாது. அந்தச் சாட்சிக்குக் காத்திருந்தால் என்னைப் போலக் காயவேண்டியதுதான். தகட்டில் வானவில் தெரிந்ததா, கொடுக்காதே. அதற்குமேல் யார் முகத்தையும் பார்க்காதே. மறுபடி அதே நாள் வந்தாலும் நான் அதையேதான் செய்வேன், வயிறெரிந்துகொண்டே செய்வேன்.

பெட்டியைப் பிரித்த கையோடு திவ்யாவுக்குப் போன் போட்டேன். “எவன் ஐடியாடி இது?” என்று கேட்டேன். திட்டு வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, மென்று முழுங்கினாள்.

“எங்க ஐடியா இல்லக்கா. உங்களுக்கு என்ன குடுக்கலாம்னு யோசிச்சிட்டிருந்தோம். மார்த்தா அம்மா ஷோரூமுக்கு வந்தாங்க. ‘அந்த தங்கக் கிண்ணத்த அவகிட்டயே குடுங்க, அது அவளோடது தான்’னாங்க. நீங்க எங்கிட்ட ஒப்படைச்ச சாவியாலதான் எடுத்தோம், ஏழுமலை அண்ணன்கிட்டகூட சொல்லல. உங்களுக்குப் புடிச்ச கிண்ணம் போலன்னு நாங்களும்...”

“வேற என்ன சொன்னாங்க?”

“‘இன்னும் உடையலன்னு சொல்லு’ன்னாங்கக்கா.”

போனை வைத்துவிட்டு அந்தக் கூடைக்குமுன் உட்கார்ந்திருந்தேன். குத்திக்காட்டினாரா, சமாதானம் சொன்னாரா? மருமகளைக் கேட்டேன், “ரெண்டும் தான் அத்தை” என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எப்படியானாலும் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த அம்மா எனக்கு அனுப்பியிருக்கிற முதல் வார்த்தை அது.

ஆகவே இப்போது நீங்கள் செய்யவேண்டியது இது. திங்கட்கிழமை காலையில் அனீலரைக் காலியாக வையுங்கள். நான் கிண்ணத்தைக் கொண்டுவருகிறேன், பஸ்ஸில் இல்லை, மகன் வேனில், கோணியோடும் கூடையோடும். சார் உயிரோடு இருந்தபோது செய்யவேண்டாம் என்றார். இப்போது நான் செய்யச் சொல்கிறேன். மெதுவாகச் சூடேற்றி, மெதுவாக ஆற்றி, தகட்டு வழியாகப் பார்ப்போம். இருட்டாகத் தெரிந்தால் அதை எடுத்துக்கொண்டு மார்த்தா அம்மா வீட்டுக்குப் போவேன். அவருக்கும் வயது எண்பதை நெருங்குகிறது, அவர் கையிலேயே வைப்பேன். சூடேறும்போதே வெடித்துவிட்டால், சில்லுகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போவேன். எப்படியும் போவேன்.

ஏழுமலையிடம் சொல்லுங்கள், அன்றைக்குச் சூடம் ஏற்றட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். தாராளமாக ஏற்றட்டும், ஆனால் கேட்டுக்கு வெளியில் நின்று ஏற்றட்டும். கதவைத் தொட்டானென்றால் தெரியும் சேதி. சந்தனப் பொட்டை நான் அழிக்கவில்லை, காய்ந்து உதிர்ந்தது போக இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் உடைந்து தொலை உடைந்து தொலை என்று நான் சபித்த சாமான் அது. என் வாய்க்கு அது காது கொடுக்காது. அவனையே வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள், உடையக்கூடாது என்று.